நெருப்பும் இரும்பும் – 17: நூற்றில் ஒரு பங்கு

சென்ற வாரக் கதை லண்டனில் நின்றது. ராயல் இன்ஸ்டிடியூஷனின் ஆய்வகத்தில் இளம் மைக்கேல் ஃபாரடேயும், அறுவைக் கத்திகள் செய்து பெயர் பெற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த எஃகுக் கட்டிகளின் மர்மத்தைத் தேடினார்கள். எஃகோடு வெள்ளியை உருக்கினார்கள், பிளாட்டினத்தை உருக்கினார்கள், ரோடியத்தைக்கூட விடவில்லை. 500 பங்கு எஃகுக்கு 1 பங்கு வெள்ளி சேர்த்தபோது கத்திக்கு உகந்த அருமையான உலோகம் கிடைத்தது. 1820-லும் 1822-லும் ஆய்வுரைகள் வெளிவந்தன. 1823-ல் ஸ்டோடார்ட் இறந்துபோனார். ஃபாரடே மின்சாரத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

ஆனால் அவர்கள் ஒரு கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எஃகில் இன்னொரு உலோகத்தைக் கொஞ்சமாகச் சேர்த்தாலும் அதன் குணம் மாறும். அப்படியானால் எந்த உலோகம்? எவ்வளவு? வெள்ளியும் பிளாட்டினமும் போட்டு யார் அரமும் உளியும் செய்ய முடியும்?

விடை லண்டன் விஞ்ஞானிகளிடமிருந்து வரவில்லை. தென்னார்க்காட்டுக் கடற்கரையில் பெரும் பணத்தை உலைக்குக் கொடுத்த ஒரு முன்னாள் கும்பினி அதிகாரியிடமிருந்து வந்தது. அவர் பெயர் ஜோசையா மார்ஷல் ஹீத்.

கஞ்சமலை அடிவாரம்

ஹீத் மதராஸ் மாகாணத்தின் சிவில் சர்வீஸில் இருந்தவர். சேலம் சீமையை நன்றாக அறிந்தவர். சேலத்தை அடுத்த கஞ்சமலையில் காந்த இரும்புத் தாது பட்டை பட்டையாக ஓடுகிறது. அடிவாரத்து ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அதை உருக்கிவந்தார்கள்.

அந்த வேலையை ஹீத் உற்றுப் பார்த்தார். பிற்பாடு 1839-ல் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இதழில் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அன்றைய தென்னிந்திய எஃகு எப்படிப் பிறந்தது என்று அறிய இன்றும் கைகொடுக்கிற பதிவு அது.

தாதில் ஏறக்குறைய 52 பங்கு இரும்பு ஆக்சைடு, 48 பங்கு குவார்ட்ஸ் கல். அதை இடித்துப் பொடியாக்கி, புடைத்தோ நீரில் அலசியோ கல்லை நீக்கினார்கள். உலை முழுவதும் களிமண். உயரம் 4 அல்லது 5 அடி. அடியில் 2 அடி அகலம், மேலே 1 அடியாகக் குறுகும். ஒவ்வொன்றும் ஒற்றை ஆட்டுத்தோலில் செய்த இரண்டு துருத்திகள், அவற்றுக்கு மூங்கில் மூக்கு. ஒரு துருத்தி மூச்சு வாங்கும்போது மற்றது ஊதும். காற்று நிற்கவே நிற்காது. மூன்று நான்கு மணி நேரத்தில் உலையின் முன்பக்கத்தை இடித்துச் சிவந்த இரும்புக் கட்டியை வெளியே இழுப்பார்கள்.

அது தேனிரும்பு. அதில் கரிமம் மிகமிகக் குறைவு. அடித்தால் வளையும், கூர் நிற்காது. அதை எஃகாக்கும் வேலை இனிமேல்தான்.

உமிக்கரி கலந்த களிமண்ணில் மூசைகள் செய்தார்கள். இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி உள்ளே போட்டார்கள். ஒரு மூசைக்கு அரை பவுண்டு முதல் 2 பவுண்டு வரை. இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்கட்டையை நறுக்கிச் சேர்த்தார்கள். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்க இலை. பிறகு ஈரக் களிமண்ணால் வாயை இறுக அடைத்துவிட்டார்கள்.

இப்படி 20 முதல் 24 மூசைகள், ஒன்றன்மேல் ஒன்றாக வளைவு கட்டி உலைக்குள் அடுக்கப்பட்டன. சுற்றிலும் கரி. இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதியது.

மூசை ஆறியதும் உடைத்தார்கள். அடியில் எஃகு உறைந்து கிடந்தது. மேற்பரப்பில் நடுவிலிருந்து ஆரக்கோடுகள் பரவியிருந்தால் உருக்கு முழுமை என்று பொருள். தேன்கூடுபோல் ஓட்டை விழுந்திருந்தால் பாதியில் நின்றுவிட்டது என்று பொருள்.

ஹீத்தைத் திகைக்கவைத்தது அந்த இரண்டரை மணி நேரம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இரும்புக் கம்பிகளைக் கரித்தூளோடு கல்பெட்டிகளில் அடைத்து, ஒரு வாரத்துக்கும் மேலாகச் சூடேற்றினால்தான் கரிமம் உள்ளே ஊறும். வெளியே வரும் கம்பியில் கொப்புளம் கொப்புளமாக எழுந்திருக்கும். அந்தக் கொப்புள எஃகை உடைத்து, மூசையில் இட்டு, மறுபடி நான்கு மணி நேரம் உருக்க வேண்டும். டான்காஸ்டர் கடிகாரக்காரர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் கண்ட இந்த முறையைத்தான் ஷெஃபீல்டு தன் பெருமையாகக் காத்துவந்தது.

இரும்பு கரிமத்தை ஏற்பதும் உருகுவதும் சேலத்து மூசையில் ஒரே வேலையாக முடிந்தன. மூடிய மூசைக்குள் கட்டையிலும் இலையிலும் இருந்து எழும் கரிம வாயுக்கள் இரும்புக்குள் விரைந்து புகுகின்றன என்று ஹீத் விளக்கம் சொன்னார். கிளாஸ்கோவில் சார்ல்ஸ் மக்கின்டாஷ் 1825-ல் வாயுவைக் கொண்டு எஃகு செய்யக் காப்புரிமை வாங்கியிருந்தார். அவருக்குப் புதிதாகத் தோன்றிய உண்மை, எருக்க இலை போட்ட கைகளுக்குப் பழைய பழக்கம்.

வெள்ளாற்று முகத்துவாரம்

ஹீத்தின் மனத்தில் ஒரு பெரிய கணக்கு ஓடியது. தாது இங்கே மலைமலையாகக் கிடக்கிறது. இங்கிலாந்து நல்ல எஃகுக்காக சுவீடன் இரும்பைக் கொட்டிக் கொட்டி வாங்குகிறது. சேலத்துத் தாதை ஐரோப்பிய முறைப் பெரிய ஊதுலையில் உருக்கி அனுப்பினால்?

அவர் வேலையை விட்டார். இங்கிலாந்து போய் இரும்புத் தொழிலைப் படித்தார். கும்பினியிடம் கடனும் மதராஸ் மாகாணத்தில் இரும்பு செய்யும் தனியுரிமையும் பெற்றார். 1830-ல் பரங்கிப்பேட்டையில் வேலை தொடங்கியது.

அரை நூற்றாண்டுக்கு முன், 1781 ஜூலை 1-ஆம் தேதி, ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் மோதிய மண் அது. இப்போது வெள்ளாறு கடலில் கலக்கும் அந்தத் துறைமுக ஊரில் ஊதுலைகள் எழுந்தன. 1833-ல் இந்தியன் ஸ்டீல், அயர்ன் அண்ட் குரோம் கம்பெனி உருவானது. பெயரிலேயே குரோம் இருந்தது. சேலத்து மண்ணில் குரோமியத் தாதும் கிடைத்ததால் அதையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

தாது வந்த வழி தனிக் கதை. சேலம் சீமையிலிருந்து பரிசல்களில் காவிரியில் இறங்கி, கொள்ளிடம் புகுந்து, கான்சாகிப் வாய்க்கால் வழியாகப் பரங்கிப்பேட்டை வந்து சேர்ந்தது.

இரும்பு நன்றாகவே வந்தது. இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ஷெஃபீல்டில் அதை எஃகாக்கிப் பார்த்தவர்கள் தரத்தை மெச்சினார்கள்.

பிறகு எங்கே சறுக்கியது? கரியில்.

கஞ்சமலை அடிவாரத்துச் சிற்றுலை ஒரு கூடை கரியில் அடங்கிவிடும். அது தேவைப்படும்போது எரியும், தேவை முடிந்ததும் அணையும். பக்கத்துக் காடு தாங்கும். ஊதுலையின் பசி வேறு. அது இரவும் பகலும் எரிந்தாக வேண்டும். நடுவில் நின்றால் உள்ளே இருக்கும் உருகல் உறைந்து உலையே பாழாகும். பரங்கிப்பேட்டையைச் சுற்றியிருந்த காடுகள் ஆண்டுக்கு ஆண்டு விலகிப்போயின. கரி வண்டிகள் தொலைவிலிருந்து வந்தன. வண்டிச்சத்தம் இரும்பின் விலையைத் தின்றது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் ஊதுலைகள் நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக்கில் எரிந்தன. அங்கே தாதும் நிலக்கரியும் அருகருகே கிடைத்தன. சேலத்தில் தாது இருந்தது, நிலக்கரி இல்லை. பணம் கரைந்தது, கடன் ஏறியது. பரங்கிப்பேட்டை உலைகள் இழுத்துக்கொண்டு கிடந்தன. 1853-ல் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி என்ற புது நிறுவனம் அவற்றை ஏற்றுத் திருவண்ணாமலைப் பக்கத்திலும் சேலம் பக்கத்திலும் புதிய உலைகள் கட்டியது. அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை.

ஹீத் அதற்கு வெகுமுன்பே ஷெஃபீல்டுக்குப் போய்விட்டிருந்தார். அவரிடம் பணம் இல்லை. இரும்பைப் பற்றிய ஒரு தீராத கேள்வி இருந்தது.

சுவீடனின் ரகசியம்

கேள்வி இதுதான். சுவீடன் இரும்பு மட்டும் ஏன் அவ்வளவு நல்ல எஃகாகிறது? இங்கிலாந்து இரும்பு ஏன் ஆகவில்லை?

ஷெஃபீல்டின் சிறந்த கத்திகளும் அரங்களும் சவரக்கத்திகளும் சுவீடனின் டான்னமோரா சுரங்கத் தாதிலிருந்து பிறந்தவை. ஒவ்வோர் உலைக்கூடமும் கம்பியில் தன் முத்திரையைப் பொறித்து அனுப்பியது. நல்ல முத்திரைக்கு வியாபாரிகள் கேட்ட விலை கொடுத்தார்கள். உள்நாட்டு இரும்பை அதேபோல் கரியில் ஊறவைத்து, அதேபோல் மூசையில் உருக்கினால் வருவது வேறு. சிவக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்ததும் விளிம்பில் விரிசல் ஓடும். சில கட்டிகள் அடியிலேயே நொறுங்கும்.

கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே நிறம், ஒரே கனம். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒளிந்திருந்தது.

இன்றைய உலோகவியல் அதைத் தெளிவாகச் சொல்லும். இரும்பில் கந்தகம் சிறிதளவு தங்கியிருக்கும். அது இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடு ஆகிறது. தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். இரும்பும் இரும்பு சல்ஃபைடும் சேர்ந்த கலவையோ 988 பாகையிலேயே இளகிவிடும். எஃகு உறையும்போது இந்தக் கலவை உலோக மணிகளுக்கு இடையே மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது.

கொல்லர் கட்டியை 1000 பாகைக்கும் மேல் காய்ச்சுகிறார். வெளியே பார்க்க அது திடமான எஃகு. உள்ளே மணிக்கும் மணிக்கும் நடுவில் திரவம். ஈரச்சாந்தில் அடுக்கிய செங்கல் சுவரை இடித்தால் எப்படியோ அப்படித்தான், சம்மட்டி விழுந்ததும் மணிகள் பிரிந்து வழுக்குகின்றன.

இப்போது மாங்கனீசு உள்ளே வரட்டும். கந்தகத்துக்கு இரும்பைவிட மாங்கனீசின்மேல் நாட்டம் அதிகம். இரும்பை விட்டுவிட்டு அதோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. அப்படிப் பிறக்கும் மாங்கனீசு சல்ஃபைடு உருக 1600 பாகைக்கும் மேல் வேண்டும். அது படலமாகப் பரவாமல் தனித்தனித் துளிகளாக ஆங்காங்கே உறைந்து நிற்கிறது. கொல்லரின் சூட்டில் இளகுவதில்லை. உருகிய எஃகில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் மாங்கனீசு பிடித்துக் கசடாக மேலே கொண்டுவந்துவிடுகிறது.

டான்னமோரா தாதில் மாங்கனீசு இயற்கையாகவே கலந்திருந்தது. பாஸ்பரஸ் மிகக் குறைவு. சுவீடன் உலைக்காரர்கள் எதையும் சேர்க்கவில்லை. அவர்கள் மலை முன்பே சேர்த்துவைத்திருந்தது.

ஹீத்தின் காலத்தில் இந்த விளக்கம் எவருக்கும் முழுதாகக் கிட்டவில்லை. ஆனால் மாங்கனீசு புதிய பொருளும் இல்லை. 1774-ல் சுவீடன் நாட்டு யோஹான் கான் அதைத் தனி உலோகமாகப் பிரித்துக் காட்டியிருந்தார். அதன் கறுப்பு ஆக்சைடைக் கண்ணாடிக்காரர்கள் பச்சைச் சாயல் நீக்கக் காலங்காலமாகப் பயன்படுத்தினார்கள். மலிவாகக் கிடைத்த சரக்கு அது. ஃபாரடே தேடியலைந்த வெள்ளிக்கும் ரோடியத்துக்கும் பக்கத்தில் அதை வைத்தால் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஹீத் பார்த்தார்.

1839 ஏப்ரல்

அவர் மாங்கனீசு ஆக்சைடைக் கரியோடு சேர்த்துத் தனியே மிகுந்த சூட்டில் வறுத்து, மாங்கனீசு கார்பைடு என்ற உலோகப் பொருளைத் தயாரித்தார். உள்நாட்டுக் கொப்புள எஃகைத் துண்டு துண்டாக உடைத்து மூசையில் இட்டார். அதன் எடையில் நூற்றுக்கு 1 முதல் 3 பங்கு வரை அந்தப் பொருளைச் சேர்த்தார். மூடி, உருக்கி, வார்த்தார்.

வார்த்த கட்டியைக் காய்ச்சிச் சம்மட்டிக்குக் கீழே வைத்தார்கள். விரிசல் விழவில்லை. இழுத்த இழுப்புக்கு நீண்டது.

அதைவிடப் பெரிய செய்தி பற்றவைப்பில் கிடைத்தது. ஒரு நல்ல மேசைக்கத்தியின் அலகு எஃகாக இருக்க வேண்டும், பிடிக்குள் செல்லும் வால் இரும்பாக இருந்தால் போதும். இரண்டையும் உலையில் காய்ச்சி அடித்தே ஒட்டவைப்பார்கள். மூசையில் வார்த்த எஃகு அதுவரை இரும்போடு எளிதில் ஒட்டியதில்லை. அதனால் உயர்ந்த எஃகு சின்னச் சின்னப் பொருள்களோடு நின்றது. மாங்கனீசு சேர்த்த எஃகு ஒட்டியது.

1839 ஏப்ரலில் காப்புரிமை பதிவானது. இரும்பை வார்ப்பு எஃகாக்கும் எந்த முறையிலும் மாங்கனீசு கார்பைடைப் பயன்படுத்துவது ஹீத்தின் உரிமை என்று பத்திரம் சொன்னது. ஷெஃபீல்டு பட்டறைகள் விரைந்து அதைக் கையிலெடுத்தன. உள்நாட்டு இரும்பிலேயே தரமான எஃகு வந்ததால் விலை சரிந்தது. 30 முதல் 40 சதவீதம் வரை சரிந்தது என்று அன்றைய கணக்கு சொல்கிறது. விலைக்குப் பயந்து மட்ட எஃகில் நின்றிருந்த கத்தித் தொழில் வார்ப்பு எஃகுக்கு மாறத் தொடங்கியது.

பரங்கிப்பேட்டையில் இழந்ததை ஷெஃபீல்டில் மீட்டுவிடலாம் என்ற நிலைக்கு ஹீத் வந்திருந்தார். அந்த இடத்தில்தான் அவருக்கு இன்னொரு யோசனை வந்தது.

கரித்தாரில் விழுந்த ஓட்டை

மாங்கனீசு கார்பைடைத் தனியே செய்வது செலவு பிடிக்கும் வேலை. அதற்கொரு தனி உலை, தனிச் சூடு. மூசைக்குள் எப்படியும் அதே சூடு இருக்கிறதே, கார்பைடு அங்கேயே பிறந்தால் என்ன?

ஹீத் சோதித்தார். மாங்கனீசு ஆக்சைடுப் பொடியைக் கரித்தாரோடு பிசைந்து எஃகுத் துண்டுகளோடு மூசையில் போட்டார். சூடு ஏறியதும் தாரின் கரிமம் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்தது. மாங்கனீசு விடுபட்டுக் கரிமத்தோடு சேர்ந்து உருகிய எஃகில் கலந்தது. பலன் அதேதான். செலவோ பல மடங்கு குறைவு.

தம் காப்புரிமைக்குள்ளேயே இது அடங்கிவிடும் என்று ஹீத் நம்பினார். மூசைக்குள் உருவாவதும் அதே மாங்கனீசு கார்பைடுதானே? புதிய பத்திரம் எதுவும் பதியவில்லை. ஷெஃபீல்டில் அவருடைய முகவராக இருந்தவர் அன்வின். அவருக்கும் உரிமம் பெற்ற பட்டறைக்காரர்களுக்கும் இந்த எளிய வழியை ஹீத் தாமே சொல்லிக்கொடுத்தார்.

ஹீத்தின் வாழ்க்கையில் இதைப்போல் விலை கொடுத்த முடிவு வேறில்லை.

அன்வின் பிரிந்துபோனார். ஆக்சைடும் கரித்தாரும் போட்டுத் தாமே எஃகு உருக்கத் தொடங்கினார். ஹீத் உரிமைத் தொகை கேட்டபோது கிடைத்த பதில்: உங்கள் பத்திரத்தில் இருப்பது மாங்கனீசு கார்பைடு. நான் மூசையில் போடுவது மாங்கனீசு ஆக்சைடும் கரித்தாரும். இரண்டும் வேறு வேறு பொருள்.

ஒருவர் வழி திறந்ததும் மற்றப் பட்டறைகளும் அதே வழியில் நடந்தன. ஷெஃபீல்டின் மூசைகள் மாங்கனீசால் நிறைந்தன. ஹீத்துக்கு வர வேண்டிய தொகை நின்றுபோனது.

நீதிமன்றத்துக்குள் ஒரு மூசை

வழக்கு 1840-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. இரும்புத் தொழிலுக்கு அப்பாலும் அது பேசப்பட்டது. நீதிபதிகள் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி சட்டத்தின் கேள்விபோலத் தோன்றினாலும் அடியில் அது வேதியியல்தான்.

மூடிய மூசைக்குள் நடப்பது என்ன? எஃகு உருகுவதற்கு முன் மாங்கனீசு கார்பைடு ஒரு கணமாவது உருவாகிறதா? உருவானால், அதை உண்டாக்கும் பொருள்களைப் போடுவது அதையே போட்டதற்குச் சமமா? அப்படி உருவாவது போட்டவருக்கே தெரியாவிட்டால்?

களிமண் மூடிக்கு அப்பால், வெண்சூட்டில், சில நிமிடங்களில் நடந்து முடிகிற ஒரு சேர்க்கையின் கதி வழக்கறிஞர்களின் வாதத்தில் தொங்கியது. முதலில் தீர்ப்பு ஹீத்துக்கு எதிராகப் போனது. அவர் விடவில்லை. மறுபடி வழக்கு, மறுபடி மேல்முறையீடு. ஒவ்வொரு படியும் பணத்தைக் கேட்டது. பரங்கிப்பேட்டை உலைகள் விழுங்கியது போக எஞ்சியதை நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன.

1851-ல் ஹீத் இறந்தார். வழக்கு முடியவில்லை.

அவர் போன பிறகு காற்று அவர் பக்கம் திரும்பியது. எக்ஸ்செக்கர் சேம்பர் நீதிமன்றம் ஹீத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பு அதற்கு மேலே, பிரபுக்கள் சபைக்குப் போனது. அங்கே கருத்துக் கேட்கப்பட்ட நீதிபதிகளில் பெரும்பான்மையினர் ஹீத்தின் பக்கம் நின்றார்கள். ஆனால் முடிவு சொல்லும் அதிகாரம் சபைக்கே உரியது.

1855-ல் சபை தீர்ப்பைப் புரட்டியது. பத்திரத்தில் எழுதியிருந்தது மாங்கனீசு கார்பைடு. அதை உண்டாக்கும் மூலப்பொருள்களை மூசையில் இடுவது உரிமை மீறல் ஆகாது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட போராட்டம் அதோடு ஓய்ந்தது. மாங்கனீசு இனி யாருடைய சொத்தும் இல்லை. எஃகு செய்யும் எவரும் ஆக்சைடையும் கரியையும் வாங்கி மூசையில் போடலாம். ஷெஃபீல்டு செழித்தது. ஹீத்தின் குடும்பத்துக்கு அந்தச் செழிப்பில் உரிய பங்கு வரவில்லை. இங்கிலாந்தின் எஃகுத் தொழில் தனக்கு இவ்வளவு கொடுத்த ஒரு மனிதரை இவ்வளவு கொடுமையாக நடத்தியது அநீதி. அடுத்த தலைமுறை உலோகவியலாளர்களே அதை எழுதிவைத்தார்கள்.

ஹீத் எடுத்த அந்தச் சிறு பங்கு இன்று எங்கும் இருக்கிறது. வீடு கட்டும் கம்பி, தண்டவாளம், கப்பல் தகடு என்று எதை எடுத்தாலும் அந்த எஃகில் பெரும்பாலும் மாங்கனீசு ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். உலகில் தோண்டியெடுக்கும் மாங்கனீசில் சுமார் 90 சதவீதம் எஃகுத் தொழிலுக்கே போகிறது. வேறு எந்தப் பொருளாலும் அந்த இடத்தை இதுவரை மலிவாக நிரப்ப முடியவில்லை.

செல்டன்ஹாம், 1856 ஆகஸ்ட்

பிரபுக்கள் சபையின் தீர்ப்பு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகியிருக்காது. செல்டன்ஹாம் நகரில் பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் கூட்டம். ஹென்றி பெஸ்ஸிமர் என்பவர் மேடையேறினார். இரும்பு ஆலைகளில் வளர்ந்தவர் அல்லர், கைதேர்ந்த கண்டுபிடிப்பாளர்.

அவர் வாசித்த கட்டுரை எரிபொருள் இல்லாமல் இரும்பு செய்வதைப் பற்றியது. உருகிய வார்ப்பிரும்பின் அடியிலிருந்து வெறும் காற்றை ஊத வேண்டும். இரும்பில் கரைந்திருக்கும் கரிமமும் சிலிக்கனும் அந்தக் காற்றில் எரியும். அந்த எரிதலே சூட்டைக் கொடுக்கும். வெளியிலிருந்து ஒரு கைப்பிடி கரிகூட வேண்டாம். கலனின் வாயிலிருந்து தீப்பொறி மலையாகக் கொட்டும். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஷெஃபீல்டுக்கு வாரக்கணக்கு. சேலத்து மூசைக்கு இரண்டரை மணி நேரம், அதுவும் மூசைக்கு ஒன்றிரண்டு பவுண்டு. இங்கே அரை மணியில் நூற்றுக்கணக்கான கிலோ.

‘தி டைம்ஸ்’ நாளிதழ் கட்டுரையை வெளியிட்டது. ஆலை முதலாளிகள் முண்டியடித்தார்கள். ஒரே மாதத்தில் உரிமங்களுக்காக 27,000 பவுண்டு பெஸ்ஸிமரின் கைக்கு வந்தது. பரங்கிப்பேட்டையைக் கவிழ்த்த கரிப் பிரச்சினை எஃகை விட்டுத் தொலைந்துவிட்டதுபோலத் தோன்றியது.

பணம் கொடுத்தவர்கள் தத்தம் ஆலைகளில் கலன்களை நிறுவினார்கள். தம் இரும்பை உருக்கி ஊற்றினார்கள். காற்றை ஊதினார்கள். பொறி பறந்தது. கட்டி வார்த்தார்கள். உருட்டாலையில் இட்டார்கள்.

கட்டி நொறுங்கியது.

ஒரு ஆலையில் மட்டும் என்றால் தொழிலாளியின் பிழை என்று விட்டிருக்கலாம். ஆலை ஆலையாக அதே கதை. சில கட்டிகள் செஞ்சூட்டில் பிளந்தன, சில ஆறியபின் உடைந்தன. சில வாரங்களுக்கு முன் கொண்டாடியவர்கள் இப்போது பெஸ்ஸிமரைப் பழித்தார்கள்.

பெஸ்ஸிமர் தம் குறிப்புகளை மீண்டும் மீண்டும் புரட்டினார். தம் சோதனைகளில் அருமையாக வந்த உலோகம் பிறர் கையில் ஏன் இப்படி ஆகிறது? அவர் சோதனைக்கு எடுத்த இரும்பு தெற்கு வேல்ஸின் பிளேனாவன் ஆலையுடையது. அதில் பாஸ்பரஸ் குறைவு. அதை அறிந்து அவர் தேர்ந்தெடுக்கவில்லை, கைக்குக் கிடைத்ததை எடுத்தார். மற்ற ஆலைகளின் இரும்பில் பாஸ்பரஸ் நிறைய இருந்தது. காற்று அதைத் தொடவேயில்லை.

அதோடு இன்னொரு குறை. காற்றை மிகுதியாக ஊதியதில் ஆக்சிஜன் உலோகத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. கந்தகமும் போகவில்லை. எஃகுக்கு வேண்டிய கரிமமோ முழுவதும் எரிந்து வெளியேறிவிட்டது.

ஆக்சிஜனையும் கந்தகத்தையும் அடக்கும் பொருள் ஷெஃபீல்டின் ஒவ்வொரு பட்டறை அலமாரியிலும் அப்போது இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நாட்டின் உச்ச நீதிபீடமே சொல்லியிருந்தது. பெஸ்ஸிமரின் கண் அதன்மேல் விழவில்லை.

இங்கிலாந்தின் மேற்கே, டீன் காட்டுக்குள், கோல்ஃபோர்டு என்ற சிற்றூரில் ஒருவர் அந்த நொறுங்கிய கட்டிகளைப் பற்றிய செய்தியைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ராபர்ட் மஷெட். இந்திய எஃகில் கரிமம் கூடுதல் என்று அரை நூற்றாண்டுக்கு முன் கணித்த டேவிட் மஷெட்டின் மகன். ஜெர்மனியின் ரைன் பகுதியிலிருந்து வந்த, உடைத்தால் கண்ணாடிபோல் மின்னும் ஒரு வகை வார்ப்பிரும்பு அவரிடம் இருந்தது. பெஸ்ஸிமரின் கலன் எரித்துவிட்ட கரிமமும் அதில் இருந்தது, அந்தக் கலன் அறியாத மாங்கனீசும் இருந்தது.

1856 செப்டம்பரில் மஷெட் காப்புரிமை வாங்கினார். கண்ணாடி இரும்பை அவர் எந்தக் கட்டத்தில், எவ்வளவு சேர்த்தார்? பெஸ்ஸிமரின் எஃகைக் காப்பாற்றிய அந்தக் காப்புரிமை மூன்றே ஆண்டுகளில், 50 பவுண்டு முத்திரைக் கட்டணம் கட்டாததால், எப்படி அவர் கையை விட்டுப் போனது?

(அடுத்த வாரம்)